எதிர்ப்புச் சக்தி இருந்தும் புற்றுநோய் வளர்வது ஏன்?

தந்தைக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கும் இந்த நேரத்தில் நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. சளி, காய்ச்சலையெல்லாம் விரட்டிவிடும் உடல் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தது? அவருடைய எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனதுதான் காரணமா? அதைக் கூட்டுவதற்கென்று உறவினர்கள் வாங்கித் தரும் பொடிகளையும் லேகியங்களையும் கொடுக்கலாமா? மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதால், நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் புற்றுநோய்க்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை, இல்லை. நோய் கண்டறியப்படும் நாளில் அவர்களுடைய வெள்ளை அணுக்கள் போதுமான அளவில் இருக்கின்றன. கிருமித் தொற்று வந்தால் எதிர்த்து நிற்கின்றன. தடுப்பூசி போட்டால் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகிறது. பல நேரங்களில் அந்தக் கட்டிக்குள்ளேயே, அதற்கு எதிராகவே உருவான டி செல்கள் எனும் ஒருவகை வெள்ளை அணுக்கள் குவிந்து கிடக்கின்றன. ஆகவே எதிர்ப்புச் சக்தியைக் கூடுவதும் குறைவதுமான ஒற்றை அளவாகப் பார்க்கும்வரை இந்த நோய் புரியாது. எதிர்ப்பு எந்தப் படியில் தடைபட்டது என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும், தமக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை எச்.எல்.ஏ. எனப்படும் மூலக்கூறுகளில் ஏந்தி மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல்கள் ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்து, அந்தத் துணுக்கு பழகியதா புதியதா என்று சோதிக்கின்றன. ஃபுளூ வைரஸ் புகுந்த செல் வைரஸின் புரதத் துணுக்குகளைக் காட்டும். அவை முழுக்க முழுக்க அந்நியமானவை என்பதால் உடனே சிக்கிக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்லின் நிலை வேறு. அது நம் சொந்தச் செல். புகையிலையும் பாக்கும் அதன் மரபணுக்களில் எத்தனையோ பிறழ்வுகளை ஏற்படுத்தியிருந்தாலும், அதன் புரதங்களில் மிகப் பெரும்பாலானவை மாறாமல் அப்படியே இருக்கின்றன. உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பகுதியை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி முன்பே களைந்துவிடுகிறது. இல்லாவிட்டால் நாம் பிழைத்திருக்கவே முடியாது. எனவே, பிறழ்வால் உருமாறிய சில புரதத் துணுக்குகள் மட்டுமே புற்றுநோய்க்கு எதிரான அடையாளங்களாக எஞ்சுகின்றன.

அடையாளம் இருந்தால் மட்டும் போதாது. டென்ட்ரிட்டிக் செல் எனப்படும் கிளைவிட்ட செல் ஒன்று கட்டியிலிருந்து அந்தத் துணுக்கை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குச் சென்று, அதற்குப் பொருத்தமான டி செல்லிடம் காட்ட வேண்டும். காட்டும்போது, 'இது ஆபத்தான இடத்திலிருந்து வந்தது' என்பதற்கான இரண்டாவது சமிக்ஞையையும் சேர்த்துத் தர வேண்டும். கிருமி புகுந்த இடத்தில் அழற்சி இருப்பதால் அந்தச் சமிக்ஞை தானாகவே உருவாகிறது. ஓசையின்றி வளரும் கட்டியில் அது பல நேரங்களில் உருவாவதில்லை. அப்போது டி செல் தூண்டப்படுவதற்குப் பதிலாக அந்த அடையாளத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிவிடுகிறது. டென்ட்ரிட்டிக் செல்லைக் கண்டறிந்தவர் ரால்ஃப் ஸ்டைன்மன். கணையப் புற்றுநோய்க்கு ஆளான அவர், தாம் கண்டறிந்த செல்லைக் கொண்டு தயாரித்த தடுப்பூசிகளைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 2011-இல் நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு காலமானார்.

இத்தனை படிகளையும் தாண்டி டி செல் கட்டியைச் சென்றடைந்தால் நடப்பது துல்லியமானது. அது புற்றுநோய்ச் செல்லோடு ஒட்டிக்கொண்டு, தன்னிடமுள்ள நச்சுத் துகள்களையெல்லாம் ஒட்டிய பக்கமாக நகர்த்துகிறது. பெர்ஃபோரின் என்ற புரதம் எதிரில் இருக்கும் செல்லின் சவ்வில் துளையிட, அதன் வழியாக கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே இறங்கி, தற்கொலை செய்துகொள்ளும்படி அந்தச் செல்லைத் தூண்டுகின்றன. செல் சுருங்குகிறது, அதன் மேற்பரப்பு குமிழ் குமிழாகப் புடைக்கிறது, பிறகு துண்டு துண்டாக உதிர்கிறது. டி செல்லோ சேதமின்றி விலகி அடுத்ததைத் தேடிப் போகிறது. போகும் வழியில் அது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, சுற்றியுள்ள செல்களை இன்னும் அதிகமாக எச்.எல்.ஏ. காட்டும்படி செய்கிறது. இந்த இன்டர்ஃபெரான்தான் பின்னால் ஒரு விபரீதத்துக்கும் வழிவகுக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படி ஒரு கண்காணிப்பு நடக்கிறதா என்பதே நீண்ட காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் புற்றுநோய் இன்னும் மிகுதியாகத் தோன்றும் என்று 1909-இலேயே ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிக் எழுதினார். 1950-களில் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டும் அமெரிக்காவின் லூயிஸ் தாமஸும் அதை ஒரு கோட்பாடாக வளர்த்தார்கள். ஆனால் 1974-இல் ஓசியாஸ் ஸ்டட்மன், பிறவியிலேயே தைமஸ் இல்லாத எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றுக்குக் கட்டிகள் அதிகம் வரவில்லை. கோட்பாடு ஏறக்குறையக் கைவிடப்பட்டது. அந்த எலிகளில், தைமஸின் துணையின்றியே உருவாகிப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லக்கூடிய இயற்கைக் கொல்லி செல்களும் ஓரளவு டி செல்களும் இருந்தன என்பது பின்னால்தான் தெரியவந்தது.

அந்தக் குறையைத் தவிர்த்து, டி செல்லும், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்லும் அறவே இல்லாத எலிகளை வைத்து செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷ்ரைபரின் குழு செய்த பரிசோதனை 2001-இல் வெளிவந்தது. இந்தத் துறையில் என் மனதை மிகவும் மாற்றிய ஆய்வு இதுதான். எதிர்ப்பு மண்டலம் இல்லாத எலிகளுக்குக் கட்டிகள் அதிகமாக வந்தன, அது எதிர்பார்த்ததே. அடுத்த படிதான் முக்கியமானது. அவற்றில் வளர்ந்த கட்டிகளை எடுத்து, நல்ல எதிர்ப்பு மண்டலம் உள்ள எலிகளின் உடலில் வைத்தார்கள். அவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் கட்டிகள் தாக்கி அழிக்கப்பட்டன. ஆனால் நல்ல எதிர்ப்பு மண்டலம் உள்ள எலியில் முதலில் வளர்ந்த கட்டிகளை, அதே போன்ற இன்னொரு எலியில் வைத்தபோது அவை எல்லாமே வளர்ந்தன. ஏனென்றால், அந்தக் கட்டிகளிலிருந்த எளிதில் அடையாளம் காணக்கூடிய செல்களையெல்லாம் முதல் எலியின் எதிர்ப்பு மண்டலமே கொன்று தீர்த்திருந்தது. எஞ்சியவை அதன் பார்வைக்குத் தப்பக்கூடியவை மட்டுமே.

உங்கள் முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. உடல் அதை விட்டுவைக்கவில்லை. எதிர்த்தது, கொன்றது, அவ்வாறு கொன்றதன் வழியாகவே, கொல்ல முடியாதவற்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டது. ஷ்ரைபர் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் அழிப்பு, அதில் முழு வெற்றி கிடைத்தால் நமக்கு ஒன்றும் தெரியாமலேயே போய்விடும். அடுத்தது, அழிக்கவும் முடியாமல் வளரவும் விடாமல் நீளும் சமநிலை. கடைசியாகத் தப்பித்தல். மருத்துவரிடம் நாம் போய் நிற்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் கட்டத்தில்தான்.

சமநிலை எத்தனை ஆண்டுகள் நீளக்கூடும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் நடந்த துயரமான நிகழ்வு ஒன்று சான்று. ஒரே கொடையாளரின் இரு சிறுநீரகங்கள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. பின்னர் இருவருக்குமே மெலனோமா எனும் தோல் புற்றுநோய் தோன்றியது. விசாரித்தபோது, கொடையாளர் 16 ஆண்டுகளுக்கு முன்பு மெலனோமாவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, குணமானவராகக் கருதப்பட்டவர் என்பது தெரிந்தது. அவருடைய உடலில் அத்தனை காலமும் அடங்கிக் கிடந்த செல்கள், உறுப்பு நிராகரிக்கப்படாமல் இருக்க எதிர்ப்பை அடக்கும் மருந்து உண்டவர்களின் உடலில் தலைதூக்கின. 2003-இல் மருத்துவ இதழில் இது பதிவாயிற்று. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் கபோசி சார்கோமா, நிணநீர்ப் புற்றுநோய் ஆகிய, பெரும்பாலும் வைரஸோடு தொடர்புடைய புற்றுநோய்கள் பன்மடங்கு அதிகமாக வருவதும் இதே திசையைக் காட்டுகிறது. ஆனால் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோயோ புராஸ்டேட் புற்றுநோயோ அதே அளவில் கூடுவதில்லை. வைரஸால் வரும் புற்றுநோய்களில்தான் கண்காணிப்பின் பங்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. எல்லாப் புற்றுநோய்களிலும் அது சமமாக இல்லை.

இனி, தப்பிக்கும் வழிகளுக்கு வருவோம். சில கட்டிகள் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளை இழந்துவிடுகின்றன, காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் டி செல் அடையாளம் காண்பது எப்படி? எச்.எல்.ஏ. இல்லாத செல்லைத் தேடிக் கொல்வது இயற்கைக் கொல்லி செல்களின் வேலை என்றாலும், கட்டிக்குள் அவை வலுவிழந்துபோகின்றன. டாஸ்மேனியத் தீவில் 1996 முதல் காணப்படும் ஒரு விந்தையான நோய் இந்த உத்தியின் ஆற்றலைக் காட்டும்: அங்குள்ள டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குகள் ஒன்றையொன்று முகத்தில் கடிக்கும்போது புற்றுநோய்ச் செல்களே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகின்றன. அந்தச் செல்கள் தம் அடையாள மூலக்கூறுகளை மேற்பரப்பில் காட்டாமல் ஒடுக்கிவைத்திருப்பதால், முற்றிலும் வேறான விலங்கின் உடலிலும் அவை நிராகரிக்கப்படுவதில்லை.

கணையப் புற்றுநோயில் நிலைமை வேறு. அதன் பயாப்ஸித் துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நார்த்திசு அடர்ந்து மண்டிக் கிடக்க, அதற்கு நடுவே ஆங்காங்கே சிறு திட்டுகளாகப் புற்றுநோய்ச் செல்கள் தென்படும். நீல நிறமேறிய சிறு வட்டங்களாகத் தெரியும் லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் சேர்ந்த வெள்ளை அணு வகை) ஓரத்திலேயே நின்றுவிட்டிருக்கும்; உள்ளே ஒன்றோ இரண்டோதான் காணக் கிடைக்கும். இதற்கு நேர்மாறாக, டி செல்கள் நெருக்கமாக உள்ளே நுழைந்துவிட்ட கட்டிகளும் உண்டு. பெருங்குடல் புற்றுநோயில் இந்த நுழைவின் அடர்த்தியைக் கொண்டே நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க முடியும் என்று பிரான்சின் ஜெரோம் கலோன் 2006-இல் காட்டினார்.

ஆனால் உள்ளே நுழைந்துவிட்ட டி செல்லும் அங்கே நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. எதிர்ப்பு மண்டலம் நம் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் வராமல் நம்மைக் காக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் கட்டி தன்பால் ஈர்த்துவைத்திருக்கிறது. இந்தச் செல்களைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி புருன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. காயத்தை ஆற்ற வரும் மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கும் செல்கள், கட்டிக்குள் வந்தபின் புதிய ரத்த நாளங்களை வளர்க்கத் துணைபோகின்றன. குளுக்கோஸை வேகமாக எரிக்கும் புற்றுநோய்ச் செல்கள் டி செல்லுக்கு எரிபொருள் கிடைக்காமல் செய்து, லாக்டிக் அமிலத்தால் சூழலையும் கெடுக்கின்றன.

முன்பு குறிப்பிட்ட விபரீதமும் இங்கேதான். டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா பட்டதும், புற்றுநோய்ச் செல் பி.டி.-எல்1 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் நிறுத்துகிறது. அது டி செல்லின் மீதுள்ள பி.டி.-1 என்ற ஏற்பியோடு இணைந்தால் டி செல் செயலடங்குகிறது. அதாவது, தாக்குதல் தொடங்கியதே அதை நிறுத்துவதற்கான சமிக்ஞையாகவும் ஆகிவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படித் தொடர்ந்தால் அந்த டி செல் உயிரோடு இருந்தும் கொல்லும் திறனை இழந்த, களைத்துப்போன நிலைக்குச் சென்றுவிடுகிறது.

பி.டி.-1 புற்றுநோய்க்காக உருவானது அன்று. ஓடும் வண்டிக்குப் பிரேக் எப்படியோ, எதிர்ப்பு மண்டலத்துக்கு இந்த ஏற்பிகள் அப்படி. சி.டி.எல்.ஏ.-4 என்ற இன்னொரு ஏற்பி இல்லாமல் பிறக்கும் எலிகள், கட்டுப்பாடின்றிப் பெருகும் டி செல்கள் உறுப்புகளைத் தாக்குவதால் மூன்று நான்கு வாரங்களிலேயே இறந்துபோகின்றன. நமக்கு இன்றியமையாத அந்தக் கட்டுப்பாட்டைத்தான் கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. சி.டி.எல்.ஏ.-4-ஐ எதிர்ப்பொருளால் மறித்தால் எலிகளில் கட்டிகள் கரைவதை ஜேம்ஸ் ஆலிசன் 1996-இல் காட்டினார், பி.டி.-1-ஐ 1992-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர் தசுகு ஹோஞ்ஜோ. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த அறிவிலிருந்து பிறந்த, இந்த ஏற்பிகளை மறிக்கும் ஊசிகளே இன்று இம்யூனோதெரபி என்று பரவலாகச் சொல்லப்படும் மருந்துகள். அமெரிக்காவில் இபிலிமுமாப் 2011-இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-இலும் ஒப்புதல் பெற்றன. பரவிய மெலனோமா என்றால் பெரும்பாலானோர் ஓராண்டுக்குள் இறந்துபோன காலம் ஒன்று இருந்தது. இபிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்ததாக 2024-இல் வெளியான முடிவு சொல்கிறது. மூளைவரை மெலனோமா பரவியிருந்த அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2015-இல், தமது 90-ஆவது வயதில், கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாபும் பெற்று, 100 வயதைக் கடந்து 2024 டிசம்பரில்தான் மறைந்தார்.

ஆனால் இதே மருந்துகள் கணையப் புற்றுநோயில் பெரும்பாலும் பலனளிப்பதில்லை. உள்ளே டி செல்லே இல்லாத கட்டியில் டி செல்லின் தடையை நீக்கி என்ன பயன்? பிறழ்வுகள் மிகுந்த கட்டிகளில்தான் பலன் கூடுதல். டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் அமைப்பே பழுதான பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பிறழ்வுகள் ஏராளமாகச் சேர்ந்திருக்கும். அத்தகைய மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு, பி.டி.-1-ஐ மறிக்கும் இன்னொரு மருந்தான டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்ததில், ஒருவர் விடாமல் அனைவருக்கும் கட்டி மறைந்ததாக 2022-இல் நியூயார்க்கிலிருந்து வந்த செய்தி உலகையே வியக்க வைத்தது. எல்லா மலக்குடல் புற்றுநோய்க்கும் இது பொருந்தும் என்று பலர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழுது உள்ளவர்கள் சிறுபான்மையினரே.

உங்கள் தந்தைக்கு நேரடியாகத் தொடர்புடையது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய நிலையில் நிவோலுமாப் உதவும் என்பது முன்பே தெரிந்திருந்தாலும், அதன் விலை நம் நாட்டில் பெரும்பாலானோருக்கு எட்டாதது. அந்த மருத்துவர்கள், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், குறைந்த செலவில் கிடைக்கும் மாத்திரை வடிவ மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காட்டினரும், நிவோலுமாபும் பெற்றவர்களில் 43.4 விழுக்காட்டினரும் ஓராண்டின் முடிவில் உயிருடன் இருந்தார்கள். இது அறுவை சிகிச்சையால் குணப்படுத்த முடியாத நிலையில் இருந்தவர்களிடம் செய்யப்பட்டது. தந்தையின் கட்டி அறுவை சிகிச்சைக்கு ஏற்றது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். கன்னப் புற்றுநோய்க்கு முதன்மையான சிகிச்சை இன்றும் அதுவே.

மூன்றாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்வது எளிது. எந்தப் பொடியும் லேகியமும் இழந்த எச்.எல்.ஏ.-வைத் திரும்பக் கொண்டுவருவதில்லை; பி.டி.-1-இன் தடையை நீக்குவதாகவோ, களைத்த டி செல்லை மீட்பதாகவோ மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டதில்லை. சத்தான உணவும் உறக்கமும் வேறு. அறுவை சிகிச்சையையும் கதிர்வீச்சையும் தாங்க அவை மிகவும் தேவை, குறிப்பாக வாய்ப்புண்ணால் விழுங்க முடியாமல் எடை குறைபவர்களுக்கு. அஸ்வகந்தா உள்ளிட்ட சில மூலிகைத் தயாரிப்புகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. இம்யூனோதெரபியும் கல்லீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும் என்பதால், இரண்டும் சேர்ந்தால் எது காரணம் என்று தெரியாமல் உயிர்காக்கும் மருந்தை நிறுத்த நேரிடும். உறவினர்கள் அன்பினால்தான் தருகிறார்கள்; ஆனாலும் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. நோய் பரவியிருந்தாலோ திரும்பி வந்தாலோ, பயாப்ஸித் திசுவில் பி.டி.-எல்1 அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் தந்தைக்கு முன்பு இருந்ததா என்பதையும், ஸ்டீராய்டு மாத்திரை ஏதேனும் உட்கொள்கிறாரா என்பதையும் மருத்துவர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். இம்யூனோதெரபி தொடங்கினால், பிரேக் தளர்ந்த டி செல்கள் குடல், நுரையீரல், தைராய்டு, கல்லீரல், அரிதாக இதயம் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். சில பாதிப்புகள் மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் வரும். ஆகவே வழக்கத்துக்கு மாறான வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், மிகுந்த அசதி, நெஞ்சுவலி எது வந்தாலும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல், அன்றைக்கே சிகிச்சை தரும் மருத்துவரை அழைத்து, இந்த ஊசி போட்டிருக்கிறோம் என்று அதன் பெயரோடு சொல்லுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால் இவற்றில் பெரும்பாலானவற்றை ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிட முடியும்.